மஞ்சள் படிந்த அச்சு

கேக் அச்சுக் கழுவுவதைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் எழுதலாமா என்று நேயர்களிற் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். எழுதாமல் இருக்க எமக்கு முடியவில்லை. சென்ற நவராத்திரியை அடுத்து எமது இல்லத்தின் அமைதி மூன்று கிழமை குலைந்திருந்ததற்கு அப்படிப்பட்ட ஓர் அச்சே காரணம். அச்சு என்பதைக் காட்டிலும், அதன் பொருட்டு நாம் உதிர்த்த சொற்களே காரணம் என்பது பொருந்தும்.

இலண்டனில் வாழும் எமது தமக்கையார் விடுமுறைக்கு வந்தபோது கொணர்ந்த பொருள் அது. ரோசாப்பூ நிறம், சிலிக்கோனால் ஆனது. தகரத் தட்டைப் போல விறைத்து நில்லாது. மடித்தால் மடியும், விட்டால் நிமிரும். "இதை நெருப்பிலை வைச்சால் உருகாதோ?" என்று அம்மா கேட்டார். நேர்நெருப்பில் வைக்கத்தான் கூடாது. போறணைக்குள் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் அது பொறுக்கும். தமக்கையார் அதை எமது மகளின் கையிற் கொடுத்து, "அடுத்த முறை மாமி வரேக்கை இதிலை கேக் சுட்டுத் தரவேணும்" என்று சொல்லிச் சென்றார்.

மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவள். புத்தகத்துக்கு அடுத்தபடி அவளுக்கு விருப்பமானது எமது சிறிய மின்சாரப் போறணை. சீனக்குடா ஆலையில் அரைபடும் கோதுமை மா நாடெங்கும் பாணாகிக்கொண்டிருக்க, திருகோணமலைப் பெண்ணுக்கு மாவிலே கை போவது வியப்பன்று.

பாடசாலை வாணிவிழாவுக்காக உருளைக்கிழங்குப் பிரட்டலை உள்ளே வைத்து, அந்த அச்சிலே பணிஸ் சுட்டாள். சுவையிற் குறைவில்லை, கொண்டுபோன கூடை வெறுமையாகவே திரும்பிற்று. ஆனால் பிரட்டலின் எண்ணெய் கசிந்து அச்சின் அடியெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது. கழுவிய பின்னரும் தொட்டால் விரல் ஒட்டியது. மார்கழியில் வருவதாகத் தமக்கையார் அறிவித்திருந்த வேளை அது. "பொருளின் அருமை தெரியாத பிள்ளை" என்று தொடங்கினோம். வகுப்பிலே நாற்பது நிமிடம் பேசிப் பழகிய வாய். வீட்டிலும் ஒரு பாடவேளை முழுவதும் பேசிவிட்டது. மகள் மறுமொழி கூறவில்லை. அச்சைத் துடைத்து மேல் தட்டில் வைத்தாள். அதன்பின் ஞாயிறுகள் வந்தன, போயின. போறணை மூடியே கிடந்தது.

மூன்றாம் ஞாயிறன்று எமக்குப் பொறுக்கவில்லை. யாருமறியாமல் அச்சை எடுத்துக் கிணற்றடிக்குப் போனோம். சட்டியின் கரி நீக்கும் இரும்புக் கம்பிச் சுருளால் வலிமையெல்லாம் கூட்டித் தேய்த்தோம். மஞ்சள் அசையவில்லை; வழவழப்பாயிருந்த அடியிலே கோடுகள் மட்டும் விழுந்தன. அவை இன்றுமுள்ளன. கம்பிச் சுருள், சாம்பல், தும்பு, கத்தி முனை ஆகியவற்றை இவ்வகைப் பாத்திரத்தின் அருகே கொண்டுசெல்லாதீர். கீறலுக்குள் எண்ணெய் புகுந்தால் அடுத்த கேக் அங்கேதான் ஒட்டும்.

கண்டுவிட்ட எமது இல்லாள் சிரித்தார். நன்றாகக் கொதித்த நீரிலே திரவச் சவர்க்காரமும் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் கலந்து, அரைமணி நேரம் அச்சை ஊறவைத்தார். (கன்னியாவின் ஏழு ஊற்றுகளும் குளிக்க உகந்தவை; இந்தப் பிசுக்குக்கு அந்த வெம்மை போதாது.) பின்பு மென்மையான பஞ்சினாலே துடைக்க, விரலில் ஒட்டிய பிசின் முற்றாகக் கழன்றது. எண்ணெய் சூட்டிலே இறுகிப் படலமாவதே அந்தப் பிசின் என்பதை அப்போதுதான் அறிந்தோம். ஆனால், அந்தோ! மஞ்சள் கறை செம்பழுப்பாக மாறி நின்றது.

"கெடுத்துவிட்டோமே!" என்று நாம் கூவினோம்.

மூன்று கிழமையாகத் தேவைக்குமேல் எம்மோடு பேசாதிருந்த மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, மஞ்சள் ஒரு காட்டியெல்லே! சோடாவும் சவர்க்காரமும் காரம். அதுதான் சிவந்திருக்கு" என்றாள். ஒரு பாதித் தேசிக்காயைக் கொணர்ந்து பிழிந்தாள். எமது கண்முன்னே செம்மை விலகி மஞ்சள் திரும்பிற்று. கறை போகவில்லைதான், ஆயினும் எமக்கு அந்த நேரத்தில் அது பெரிதாகத் தோன்றவில்லை.

பிறகு அவளே விளக்கினாள். சிலிக்கனும் ஒட்சிசனும் மாறிமாறிக் கோத்த சங்கிலியே சிலிக்கோன். கடற்கரை மணலிலும் இவ்விரண்டும் உண்டு. ஆனால் சிலிக்கோனில் அச்சங்கிலியின் இருபுறமும் காபன் கூட்டங்கள் தொங்குகின்றன. அவை நீரை விலக்கும், எண்ணெயை வரவேற்கும். மஞ்சளின் நிறமான குர்க்குமினும் நீரில் அரிதாகவே கரையும், எண்ணெயில் நன்கு கரையும். ஆகவே சூட்டிலே எண்ணெயோடு கூடி உள்ளே குடிபுகுந்துவிடுகிறது. இப்பொருளை இங்கிலாந்தின் நொட்டிங்காமில் நெடுங்காலம் ஆராய்ந்த பேராசிரியர் கிப்பிங், ஒட்டும் பிசின்களே கிடைக்கக் கண்டு, இத்துறையில் பெரிய முன்னேற்றம் வருமென்ற நம்பிக்கையில்லை என்று 1937இல் உரைத்தாராம். பேராசிரியரே தவறும்போது எமது கம்பிச் சுருளை மன்னிக்கலாகாதா?

வெளிற்றும் தூளைக் கரைத்து ஊற்றுவோமா என்று கேட்டோம். உணவுப் பாத்திரத்துக்கு அது வேண்டாமென்று தாயும் மகளும் ஒருமிக்கத் தடுத்தனர். அதனோடு தேசிப்புளியோ வினாகிரியோ கலந்தால் நச்சு வாயுவான குளோரீன் எழும். மாணவர்கள் இதை மறத்தலாகாது.

திண்ணையிலிருந்து இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். "தம்பி, உன்ரை வேட்டியிலை குழம்பு சிந்தினால் நான் எதாலை போக்கினனான்? ஈரத்தோடை வெயிலிலை போடடா."

ஐப்பசிக் காலை வெயில் எமது ஊரில் இன்னும் கடுமையானதே. இடிமழை பெரும்பாலும் மாலையிலேதான். முற்றத்து வாங்கில் அச்சைக் கவிழ்க்காது, கறை வானத்தைப் பார்க்கும்படி வைத்தோம். கோட்டைப் பக்கத்திலிருந்து நகருக்குள் உலாவும் புள்ளிமான்களுள் ஒன்று வேலியிடுக்கால் நுழைந்து அதை முகர்ந்து பார்த்தது. அம்மா ஈர்க்குமாறும் கையுமாகக் காவல் இருந்தார். முதல் நாள் மாலை மஞ்சள் வெளிறிற்று. மூன்றாம் நாள் தேடித்தான் காணவேண்டியிருந்தது. குர்க்குமின் ஒளியிலே சிதைந்துவிடும் என்று மகள் காரணம் சொன்னாள். அம்மா காரணம் கேட்கவில்லை.

மீந்திருந்த உள்ளிவாசனைக்காக வெறும் அச்சை 180 பாகையிற் கால்மணி நேரம் சுட்டெடுத்தோம், அதுவும் அகன்றது.

"பிள்ளை, அப்பா அண்டைக்குக் கனக்கப் பேசிப்போட்டன்" என்று நாம் சொன்னபோது அவள் மா அரித்துக்கொண்டிருந்தாள். "முட்டை நாலு வேணும், அப்பா" என்றாள். மாட்டுத்தாவணி போல ஓடிக் கடைக்குப் போய் வந்தோம்.

கேக் பொன்னிறமாய் வெந்து அழகாகக் கழன்று வந்தது. கவிழ்த்தபோது அதன் தலையிலே, எமது கம்பிச் சுருள் இட்ட கோடுகள் ஒன்றுவிடாமற் பதிந்திருந்தன. மகள் எம்மை ஒருமுறை பார்த்தாள். பின்பு ஐசிங்கைச் சற்றுத் தடிப்பாகப் பூசத் தொடங்கினாள்.