குருகுஹ முத்திரை போதுமா?

உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல்களோடு நிற்கிறது. நபிகளாரின் இறுதிக் காலம் அதில் இல்லை. விடுபட்டதைப் பாடி நிறைவு செய்தவர் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர். பெருங்காப்பியத்தின் வாலாகத் தம் பாடல்களைச் சேர்த்திருந்தால் உமறுவின் பெயரிலேயே அவையும் ஓதப்பட்டிருக்கும். அப்படி நடக்கவில்லை. சின்னச் சீறா என்று தனி நூலாக, பாடியவர் பெயரோடு இன்றும் இருக்கிறது. 

இசையுலகத்தில் இந்தத் தெளிவு எளிதில் கிடைப்பதில்லை.

பிடில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஹாண்டலின் எஃப் மேஜர் சோனாட்டா பழக்கமானது. சுசூகி பாடநூலின் ஆறாம் பகுதியில் அது இருக்கிறது, மேலே ஹாண்டல் என்ற பெயருடன். ஆனால் அது அவர் எழுதியதல்ல என்பதே இன்றைய ஆய்வாளர்களின் முடிவு. 1730 வாக்கில் லண்டன் பதிப்பாளர் ஜான் வால்ஷ், ஹாண்டலின் சோனாட்டாக்கள் என்று பன்னிரண்டைத் தொகுத்து வெளியிட்டார். முகப்பில் தம் பெயரைப் போடாமல் ஆம்ஸ்டர்டாம் ரோஜர் பதிப்பகத்தின் பெயரைப் போட்டார். அதில் இரண்டு ஹாண்டலுடையவை அல்ல. அடுத்த பதிப்பில் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு வேறு இரண்டைச் சேர்த்தார். அவையும் ஹாண்டலுடையவை அல்ல! அவற்றில் ஒன்றுதான் இந்த எஃப் மேஜர் சோனாட்டா. பழைய பிரதிகளில் அந்த சோனாட்டாக்களின் தலைப்பருகே, இது ஹாண்டல் அவர்களுடையது அல்ல என்று அக்காலத்து ஆள் ஒருவர் மையால் குறித்து வைத்திருக்கிறார். விஷயம் தெரிந்த ஒருவர் அப்போதே சொல்லியும், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பெரிய பெயரே வென்றது. உண்மையில் எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த மெல்லிய, இனிய இசையை ஆக்கிய மனிதருக்குப் பெயரே இல்லாமல் போனதுதான் இதில் பெரிய அநியாயம்.

நம் பக்கத்துக் கதைக்கு எட்டயபுரம் போக வேண்டும். உமறுப்புலவர் அடங்கியிருக்கும் அதே ஊரில்தான் 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் இருக்கிறது. பிடிலைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வராகச் சொல்லப்படும் அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர், எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர், 1904-இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை எட்டயபுரத்திலேயே அச்சிட்டார். வீட்டு வழியாக வந்த தீட்சிதர் கிருதிகள் 229 அதில் கமகக் குறிகளோடு இருக்கின்றன.

இன்று தீட்சிதர் பெயரில் பாடப்படுவனவோ நானூறைத் தாண்டும். பிற்காலத்தில் சிஷ்ய பரம்பரைகளிலிருந்து திரட்டப்பட்டவை பல. கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் வெளியிட்ட கீர்த்தனமாலைத் தொகுதிகள் அவற்றில் முக்கியமானவை. அந்த உழைப்பு இல்லாவிட்டால் நல்ல கிருதிகள் சில அழிந்தே போயிருக்கும். ஆனாலும் எல்லாமே தீட்சிதருடையவைதாமா என்ற சந்தேகத்தை அறிஞர்கள் விடாமல் எழுப்பி வருகிறார்கள்.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? தீட்சிதர் தம் கிருதிகளில் வைத்த குருகுஹ என்ற முத்திரை சாட்சியாகாது. கொஞ்சம் சம்ஸ்கிருதம் தெரிந்த எவரும் அதைச் சாகித்தியத்தில் வைத்துவிடலாம். ராகத்தின் பெயரைப் பொருள் கெடாமல் சாகித்தியத்துக்குள் இழைப்பது அதைவிடக் கடினம். அதையும் தேர்ந்தவர் செய்துவிடுவார். பழைய சம்பிரதாயத்தில் அந்த ராகம் நடந்த வழியிலேயே பாட்டும் நடக்கிறதா, சொற்கட்டில் தீட்சிதரின் இறுக்கம் இருக்கிறதா, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடிகிறதா, இவைதான் உரைகல். கடைசியாகச் சொன்னதற்கே எடை அதிகம்.

சந்தேகத்துக்குரிய கிருதியைப் பாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. காதுக்கு இனிமையாகவும் ராகத்துக்கு உண்மையாகவும் இருந்தால் தாராளமாகப் பாடலாம். ஆனால் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொல்ல வேண்டும். சபா நடத்துபவர்களும் பாட்டு வாத்தியார்களும், பாட்டின் பெயருக்குக் கீழே தீட்சிதர் என்று எழுதும்போது, அது முதலில் எந்த நூலில், எந்த ஆண்டில் அச்சானது என்பதையும் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.