என்னிடமிருந்து போனது

என் அக்கா மகனுக்கு வந்திருக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என் நுரையீரலில் உருவானது. அவன் அதற்கு முன் காசநோய் மாத்திரை ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. தொட்டவன் நான். பாதியில் விட்டவனும் நான்.

சிட்லபாக்கத்தில் குடியிருக்கிறேன். சானடோரியம் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகவே தொடங்கிய இடம். ரயில் நிலையத்துக்கும் அதே பெயர். அந்த வாசலில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று பயந்து, தள்ளியிருந்த தனியார் மருத்துவர் ஒருவரிடம் போனேன். நான்கு மருந்து எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் ஒரு நாள்கூட விடக்கூடாது என்று அழுத்திச் சொன்னார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. இருமல் நின்றது, எடை ஏறியது, மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டேன். குணமாகிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், பையில் இருந்த மாத்திரை அட்டையை ஆபீசில் ஒருவர் எடுத்துப் பார்த்து “இது எதுக்கு?” என்று கேட்டுவிட்டார். அன்றோடு விட்டேன்.

நிறுத்தியதைவிடப் பெரிய தவறு அதற்குப் பின் நடந்தது. மறுபடி இருமல் வந்தபோது மேஜை டிராயரில் மிஞ்சியிருந்தது சிவப்புக் கேப்ஸ்யூல் மட்டும்தான், ரிஃபாம்பிசின். அதைத் தனியாகப் போட்டுக்கொண்டேன். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. மருந்து வேலை செய்கிறது என்று அந்த நிறத்தைப் பார்த்து நம்பினேன். தீர்ந்ததும் பழைய சீட்டைக் காட்டி இன்னும் வாங்கினேன்.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கிருமி உயிரோடு இருக்க, தன் டிஎன்ஏவை ஆர்என்ஏவாகப் படியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். படியெடுக்கும் நொதியின் ஒரு பகுதியை உண்டாக்கும் மரபணுவுக்கு ஆர்பிஓபி என்று பெயர். ஆர்என்ஏ இழை வளர்ந்து வெளியேறும் வழியில் ரிஃபாம்பிசின் தொண்டை முள்ளாகச் சிக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று எழுத்துகளோடு இழை நின்றுவிடும். ஆனால் அந்த மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதி உண்டு. அங்கே ஓர் எழுத்து மாறினாலே போதும், மருந்துக்கு உட்கார இடமில்லாமல் போய்விடும். இந்த மாற்றத்தை மாத்திரை உண்டாக்குவதில்லை. சுமார் பத்துக் கோடிக் கிருமிகளில் ஒன்றுக்கு அது தானாகவே நேர்ந்திருக்கும். நுரையீரலில் குழி விழுந்தவருக்குக் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும் என்பதால், அந்த ஒன்றும் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். நான்கு மருந்தும் சேர்ந்து போனால் மற்ற மூன்றும் அதைப் பார்த்துக்கொள்ளும். நான் ஒரே மருந்தைப் போட்டு மற்ற கிருமிகளைக் கொன்று, அந்த ஒன்றை வளர விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகன் சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்து வந்தான். எங்கள் ஹாலில், ஜன்னலைச் சாத்திவிட்டு, என் பக்கத்தில் படுத்தான். “என்ன மாமா, ராத்திரியெல்லாம் இருமுறீங்க?” என்று கேட்டான். தூசி அலர்ஜி என்றேன்.

பிறகு அவனுக்கு இருமல் வந்தது. சளியை சிபிநாட் கருவியில் வைத்தார்கள். அது பார்ப்பதும் அதே 81 எழுத்துகளைத்தான். இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டு என்று வந்தது. வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். எனக்கும் அதே முடிவு.

சென்னையில் 1956இல் தொடங்கி 1959இல் வெளியான ஆய்வு ஒன்று உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. சானடோரியத்தில் படுக்க வைத்தாலும் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தாலும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அது காட்டியது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டிருந்தால் அந்த ஹாலில் அவன் பத்திரமாகப் படுத்திருக்கலாம்.

காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியில் சுமார் 44 லட்சம் எழுத்துகள். இரண்டு பேரின் கிருமிகளை முழுதாக வாசித்து ஒப்பிட்டு, ஐந்துக்குள் வித்தியாசம் இருந்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அண்மையில் பரவியிருக்கலாம் என்பார்கள். எங்கள் இருவருடையதையும் யாரும் ஒப்பிடவில்லை. நான் கேட்கவும் இல்லை. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

இப்போது இருவரும் சானடோரியத்துக்கே போகிறோம். 2024இல் இந்தியாவில் அனுமதி கிடைத்த ஆறு மாதச் சிகிச்சை. முன்பு பலருக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும், காது கேட்காமல் செய்யக்கூடிய ஊசியும் இருந்தது. இந்தப் புதிய சிகிச்சையில் உள்ள பெடாகுயிலின் கிருமியின் ஆற்றல் தயாரிப்பையே நிறுத்துகிறது. லினசோலிட் கிருமி புரதம் செய்வதை நிறுத்துகிறது. நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஆதியில் பாக்டீரியாவாக இருந்தவை என்பதால் லினசோலிட் அவற்றையும் தாக்கும். இருபத்து நான்கு வயதுப் பையன், பாதம் மரத்துப் போகிறது என்கிறான். செருப்பு கழன்றது தெரியாமல் படியிறங்குகிறான். எனக்கு அந்தத் தொந்தரவு இன்னும் வரவில்லை.

எங்கிருந்தோ தொற்றியது என்றுதான் அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் இருக்கும் திண்டிவனத்துக்குப் போய், மாத்திரையை விட்டது, தனியாகப் போட்டது, அலர்ஜி என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “அப்பவே சொல்லியிருந்தா அவனுக்கு வேற ரூம் பார்த்திருப்பேனேடா” என்றாள். வாடகைக்குப் பணம் தருவதாக அவள்தான் முதலில் சொன்னவள். வேண்டாம், என்னோடு இருக்கட்டும் என்று வற்புறுத்தியது நான்.