செவலையைக் காணவில்லை

பொங்கல் முடிந்த அந்த வாரம், வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை இருக்கும். மகள் அறைக்குள்ளிருந்து கத்தினாள். “அப்பா, செவலையைக் காணோம்!”

எங்கள் வீட்டில் மாடு கிடையாது. பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடியின் 11-வது மாடியில் இருக்கிறோம். பூனை வளர்ப்பதற்கே கீழே அலுவலகத்தில் முகம் சுளிப்பார்கள். செவலை இருப்பது மகளின் மடிக்கணினியில், ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டுக்குள்.

உங்கள் வீட்டிலும் யாராவது அதை விளையாடிக்கொண்டிருக்கலாம். எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நாலரை ஆண்டுகள் தனியாக உட்கார்ந்து, படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. இதுவரை 4 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. அலுவலக வேலையில் வெறுத்துப்போன ஒருவர், தாத்தா சாகும்போது கொடுத்த கடிதத்தைப் பிரிக்கிறார். தாத்தாவின் பண்ணை அவர் பெயரில் இருக்கிறது. அங்கே போய்க் களை பிடுங்கி, விதை போட்டு, கோழியும் மாடும் வளர்த்துப் பிழைக்க வேண்டும். சுரங்கத்தில் கொஞ்சம் வாள்வீச்சு உண்டு. மற்றபடி சாதுவான விளையாட்டு. தாத்தாவும் அப்பாவும் தோட்டத்தை விட்டு வெளியே வருவதற்கு ஒரு தலைமுறை பாடுபட்டார்கள்; பிள்ளை காசு கொடுத்துத் தோட்டத்துக்குள் போகிறது என்று நான் கிண்டல் செய்ததுண்டு. இரண்டாம் படிவம் படிக்கும் பிள்ளைக்கு இது எதற்கு என்று சத்தம் போட்டதும் உண்டு.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். காலையில் பெரட்டு, பிறகு மரம், மதியத்துக்கு மேல் லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் மாடு. கடந்த பள்ளி விடுமுறையில் எங்களோடு இரண்டு வாரம் இருந்தார். தொலைக்காட்சி அலுத்துப்போய் ஒருநாள் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்தவர், திரையைப் பார்த்துவிட்டு, “இது என்ன மாடு, தகரப் பொட்டி மாதிரி?” என்று கேட்டார். அங்கே தொடங்கியது. உங்க மாடு எப்படி இருக்கும் தாத்தா என்று இவள் கேட்க, அவர் சொல்லச் சொல்ல இவள் வரைந்தாள். செவலை நிறம். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. வால் நுனியும் வெள்ளை. அந்த விளையாட்டில் ஒரு மாட்டுக்கு உள்ள இடம் அகலத்தில் 32 புள்ளி, உயரத்தில் 32 புள்ளி, அவ்வளவுதான். அதற்குள் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், மேய்வது என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். வெள்ளைச் சுட்டிக்கு நான்கு புள்ளிதான் கிடைத்தது. அந்த நான்கும் எங்கே இருக்க வேண்டும் என்று தாத்தாவும் பேத்தியும் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டார்கள்.

அந்த மாட்டைப் பற்றி அப்பா அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. நானும் சொல்லவில்லை. 1994-இல் எனக்கு ஈப்போவில் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தபோது செவலையை விற்றார்கள். லாரி வந்தபோது நான் லயத்து வாசலில்தான் நின்றிருந்தேன்.

வரைந்த மாட்டை விளையாட்டுக்குள் விடுவதற்கு ‘மோட்’ செய்ய வேண்டும். விளையாட்டின் மூலக் கோப்புகளைத் தொடாமல், மேலே ஒட்டுப்போடுவது போல. ஸ்டார்டியூவில் அதற்கு ஸ்மாப்பி என்ற இலவச நிரல் இருக்கிறது. விளையாட்டை அதன் வழியாகத் திறந்தால், ‘மோட்ஸ்’ என்ற கோப்புறையில் இருக்கும் ஒவ்வொன்றையும் படித்து ஏற்றிவிடும். படங்களை மாற்றுவதற்கு இன்னொன்று, கன்டென்ட் பேட்சர். அதற்கு நாம் கொடுக்க வேண்டியது படமும் இரண்டு சிறு எழுத்துக் கோப்புகளும்தான். ஒன்றில் இந்த மோடின் பெயர், செய்தவர், பதிப்பு, விளக்கம். இன்னொன்றில் எந்தப் படத்துக்குப் பதிலாக எந்தப் படம் என்ற குறிப்பு. இதையெல்லாம் இவள் எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. டிசம்பரில் ஒருநாள் பழுப்பு மாட்டின் இடத்தில் செவலை நின்றது.

பெயரைத் தமிழில் எழுத முடியாதது மட்டும் அவளுக்குக் குறை. விளையாட்டு 12 மொழிகளில் வருகிறது, தமிழ் அதில் இல்லை. எழுத்துகளைச் சின்னச் சின்னப் படங்களாக வைத்துக்கொண்டு வரிசையாக அடுக்குவதுதான் அதன் முறை. நம் ‘செ’வில் கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், ‘லை’யிலும் அப்படித்தான். வரிசையாக அடுக்கினால் அது நடக்காது. இரண்டு நாள் யோசித்தாள். பிறகு மாட்டுத் தொழுவத்தின் படத்தை எடுத்து, கதவுக்கு மேலே புள்ளி புள்ளியாக ‘செவலை’ என்று தானே வரைந்து அதையும் மோடில் சேர்த்துவிட்டாள். எழுத்து படமாகிவிட்டால் எந்த மொழி என்று யார் கேட்கப்போகிறார்கள்?

தாத்தா இதைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை வருவதாக இருந்தார். வெள்ளி இரவு செவலையைக் காணவில்லை. அதன் இடத்தில் பழைய தகரப் பெட்டி மாடு நின்றது. தொழுவத்தில் பெயரும் இல்லை.

என் வேலை பாயான் லெப்பாஸில், தொழிற்சாலையில் மின்னணுப் பலகைகளைச் சோதிப்பது. பலகை வேலை செய்யாவிட்டால் ஏன் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்ற நினைப்போடு உட்கார்ந்தேன்.

“அப்பா, இந்தக் கறுப்புத் திரையில...”

“இரு இரு, அது அப்படித்தான் வரும்.”

முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காகத்தான் போனது. ஸ்மாப்பி வழியாகத் திறந்தால், விளையாட்டுச் சாளரத்தின் தலைப்பில் எத்தனை மோடுகள் ஏறியிருக்கின்றன என்று எண்ணிக்கை வரும். பலர் நேரே விளையாட்டைத் திறந்துவிட்டு மோட் வரவில்லை என்று புலம்புவார்கள். அந்தத் தப்பு இல்லை என்று அதிலேயே தெரிந்தது. 14 என்று இருந்தது. வழக்கமாக எவ்வளவு என்று கேட்டேன். “15” என்றாள். ஆக, எல்லாம் வேலை செய்கிறது, ஒன்றே ஒன்று உள்ளே வர மறுக்கிறது. வேலையிடத்தில் ஒரு புதுப் பையன் இவ்வளவு தூரம் வந்திருந்தால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் பாடமே நடத்தியிருப்பேன்.

ஆனால் அவள், “காலையில ஸ்மாப்பியை அப்டேட் பண்ணேன்பா” என்றாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். 2024 மார்ச்சில் 1.6 பதிப்பு வந்தபோது விளையாட்டின் உள்ளமைப்பு நிறைய மாறி, பழைய மோடுகள் ஏராளமாகப் படுத்துவிட்டன. அதிலிருந்து எது நின்றாலும் பதிப்பைச் சந்தேகிப்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. பழைய ஸ்மாப்பியைத் தேடிப் பிடித்துப் போட்டேன். அரை மணி நேரம். வரவில்லை. கன்டென்ட் பேட்சரைப் புதிதாக இறக்கினேன். ஜிப் கோப்பைப் பிரிக்காமல் அப்படியே போட்டுவிடுவது பலர் செய்யும் தவறு; பிரித்துத்தான் போட்டேன். வரவில்லை. பிறகு பாதி பாதியாகப் பிரிக்கும் வேலை. ஏழு மோடுகளை வெளியே எடுத்துவிட்டுத் திறப்பது, பிறகு அவற்றை வைத்துவிட்டு மற்றவற்றை எடுப்பது. இரண்டு மோடுகள் ஒன்றையொன்று மிதித்தால் இது அருமையான வழி. இங்கே யாரும் யாரையும் மிதிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கறுப்புத் திரை வரும், அதை ஓரமாகத் தள்ளிவிட்டு நான் மாட்டைத் தேடுவேன்.

மணி பதினொன்றரை. மனைவி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுடலாம்மா. உன் பண்ணைக்கு ஒண்ணும் ஆகாது, அது வேற இடத்துல இருக்கு.”

பண்ணையைப் பொறுத்தவரை நான் சொன்னது சரி. சேமித்த ஆட்டங்கள் விளையாட்டின் கோப்புறையில் இருப்பதில்லை, விண்டோஸில் வேறோர் இடத்தில் இருக்கின்றன. போதாததற்கு ஸ்மாப்பியே கடைசி பத்துப் பிரதிகளை எடுத்து வைத்துக்கொள்கிறது. அந்தத் தைரியத்தில் கோப்புறையை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானில் விரலையும் வைத்துவிட்டேன்.

“அப்பா! மாடு அதுக்குள்ளதான் இருக்கு!”

அவள் என் கையைப் பிடித்திருந்தாள். மோட்ஸ் கோப்புறை இருப்பது விளையாட்டுக் கோப்புறைக்கு உள்ளே. செவலையின் படமும், தொழுவத்தில் வரைந்த பெயரும் அங்கே மட்டும்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. எங்கள் வீட்டுக் குளிர்சாதனம் அவ்வளவு குளிராது. எனக்கு அன்றைக்குக் குளிர்ந்தது.

ஒன்றும் பேசாமல் பென் டிரைவ் தேடி எடுத்தேன். மாட்டை அதில் ஒரு பிரதி போட்டோம். அவள் தனக்குத்தானே மின்னஞ்சலில் இன்னொன்று அனுப்பிக்கொண்டாள். நான் போய் மைலோ கலக்கிக்கொண்டு வந்தேன். அவள் பாதி குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “அப்பா, அந்தக் கறுப்புத் திரையில சிவப்பா என்னமோ எழுதி வருது. நீங்க தள்ளித் தள்ளி விடுறீங்க.”

“எப்பலேருந்து?”

“முதல்லேருந்து. நான்தான் சொல்ல வந்தேன்ல.”

திறந்து படித்தேன். செவலை என்ற மோட் தவிர்க்கப்பட்டது என்றும், அதன் விவரக் கோப்பைப் படிக்க முடியவில்லை என்றும் இருந்தது. அதோடு நிற்கவில்லை. கோப்பில் வளைந்த மேற்கோள் குறிகள் இருக்கின்றன, நேரான குறிகளை மட்டுமே ஏற்க முடியும் என்று காரணத்தையும் சொல்லியிருந்தது. இரண்டு மணி நேரமாக அது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அந்த மாதிரிக் கோப்புகளில் ஒவ்வொரு சொல்லின் இருபுறமும் மேற்கோள் குறி வேண்டும். கணினி விசைப்பலகை தருவது " என்ற நேர்க்குறி. “ ” என்று வளைந்திருந்தால் நமக்கு அது அழகு, நிரலுக்கு அது யாரோ அந்நியர். (இந்தப் பக்கத்தில் நேரே போட்டதையும் அச்சில் வளைத்துவிடாமல் இருக்க ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.)

நோட்பேடில் கோப்பைத் திறந்தோம். எல்லா வரியும் சரியாக இருந்தது, விளக்கம் என்ற ஒரு வரியைத் தவிர. அது தமிழில் இருந்தது. ‘தாத்தாவின் மாடு, சுங்கை சிப்புட்’ என்று.

அதை எழுதியவன் நான்.

வியாழக்கிழமை மாலை, தொழிற்சாலைப் பேருந்தில் வரும்போது அவளிடமிருந்து செய்தி வந்தது. தாத்தா பார்க்கப்போகிறார், மோடுக்குத் தமிழில் ஒரு வரி வேண்டும், கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லை, நீங்கள் எழுதி அனுப்புங்கள் என்று. மாதிரிக்கு ஒரு வரியும் அனுப்பியிருந்தாள். நான் கைப்பேசியில் முழு வரியையும், மேற்கோள் குறிகளோடு, தட்டி அனுப்பினேன். கைப்பேசி குறிகளைத் தானாக வளைத்துவிடும். அவள் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறாள். மறுநாள் காலையில் ஸ்மாப்பியைப் புதுப்பித்திருக்கிறாள். இரண்டையும் செய்த பிறகுதான் விளையாட்டைத் திறந்திருக்கிறாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று வேலையிடத்தில் நான் சொல்லாத நாளே கிடையாது. வீட்டில் சொன்னதில்லை.

“நான் அனுப்பின வரியைச் சந்தேகப்படவே இல்லையாம்மா?”

“நீங்க அனுப்பினதாச்சே, தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்.”

நான்கு குறிகளை அழித்துவிட்டு நான்கு குறிகளைத் தட்டினாள். சேமித்துத் திறந்தாள். தலைப்பில் 15. தொழுவத்துக்கு மேலே பெயர். கீழே, நெற்றியில் நான்கு வெள்ளைப் புள்ளிகளோடு செவலை மேய்ந்துகொண்டிருந்தது. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அவள் மாட்டை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் அப்பா என் அக்காவோடு வந்தார். சாப்பிட்டதும் பேத்தி அவரை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முதலில் தொழுவத்தின் மேலிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“கயிறு எங்க?”

“கயிறு கிடையாது தாத்தா. அதுவா வெளிய போய் மேஞ்சிட்டு, சாயங்காலம் உள்ள வந்துரும்.”

“கயிறே இல்லையா? எத்தனை தடவ கறக்குது?”

“ஒரு நாளைக்கு ஒரு தடவை.”

“ரெண்டு வேளையும் கறந்த மாடும்மா அது.” மாட்டின் மானத்தைக் காப்பாற்றும் குரலில் சொன்னார்.

மவுசை அவர் கையில் கொடுத்தாள். ஒரு முறை தட்டினால் தடவிக்கொடுப்பது. மாட்டின் தலைக்கு மேலே ஒரு சின்ன இதயம் எழும்பியது. அப்பா சிரித்தார். இன்னொரு முறை தட்டிவிட்டார். இரண்டாம் முறை தட்டினால் மாட்டின் விவரம் அடங்கிய பெட்டி திறக்கும். அதன் ஓரத்தில் தங்கக் காசு போட்ட ஒரு பொத்தான்.

“இது என்ன?”

“அது விக்கிறதுக்கு தாத்தா.”

அப்பா மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் கதவருகில் நின்றிருந்தேன். திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. அவள் அந்தப் பெட்டியை மூடினாள். மாடு மறுபடி மேயத் தொடங்கியது.

“எடது கொம்பு நுனி ஒடைஞ்சிருக்கும்மா,” என்றார் சற்று நேரம் கழித்து. “சின்ன வயசுலயே வேலியில மாட்டிக்கிச்சு. நான் சொல்லலையா?”

“சொல்லவே இல்ல தாத்தா!”

“ரெண்டு கொம்பும் முழுசா இருந்தா அது செவலையே இல்ல.”

அவள் விளையாட்டை மூடிவிட்டு, கோப்புறையைத் திறந்தாள். மாட்டின் படத்துக்கு முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்தாள். பிறகு பெரிதாக்கி, கொம்பு இருக்கும் இடத்துக்குப் போய், “எவ்வளவு தாத்தா, ரெண்டு புள்ளி எடுத்துறவா?” என்று கேட்டாள்.

“ஒண்ணு போதும். பாவம்.”