தாத்தாவின் கணக்கு நோட்டும் ஒரு வேகன் ஆரும்

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் நிலையான செலவு, மாறும் செலவு என்று இரண்டு வகை வரும். பி.காம் படிக்கிற நண்பர்களுக்குத் தெரியும். உற்பத்தி நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஆகிற செலவு நிலையான செலவு. உற்பத்தி கூடினால் கூடுவது மாறும் செலவு. பரீட்சையில் இதற்கு உதாரணம் கேட்டால் ஃபேக்டரி வாடகை, மூலப்பொருள் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். இனிமேல் கேட்டால் எங்கள் தாத்தாவின் காரைத்தான் எழுதுவேன் :-)

தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து 2010 மே மாதம் ரிட்டயர் ஆனவர். அந்த வருஷம் டிசம்பரில், வந்த பணத்தில் ஒரு வேகன் ஆர் வாங்கினார். நாலு லட்சம் சொச்சம். வாழ்க்கை முழுக்க சைக்கிளும் டி.வி.எஸ். ஃபிஃப்டியும் ஓட்டியவர் அறுபது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது எங்கள் தெருவுக்கே அப்போது பெரிய செய்தியாம். நான் அப்போது எல்.கே.ஜி. கூடப் போகவில்லை.

போன 2025-ல் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. காருக்கு 15 வருஷம் முடிகிறது, அதனால் டிசம்பருக்குள் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். தாத்தாவின் லைசென்ஸ் நவம்பரில் முடிகிறது. 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு தடவை புதுப்பித்தால் 5 வருஷம்தான். தாத்தாவுக்கு வயது 75.

மூன்றாவது எல்லாரையும் விட சுவாரசியமானது. ரிட்டயர் ஆகும்போது பென்ஷனில் 40 சதவீதம் வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். 'கம்யூட்டேஷன்' என்பார்கள். அதற்குப் பதிலாக மாதாமாதம் பென்ஷனில் அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். 15 வருஷம் ஆனதும் பிடிப்பதை நிறுத்திவிடுவார்கள். தாத்தாவுக்கு அப்போது பென்ஷன் 14,000. பிடித்தது 5,600. அது 2025 ஜூலையில் திரும்ப வர ஆரம்பித்தது.

சண்டையும் அந்த ஜூலையில்தான் ஆரம்பித்தது.

அப்பா ரொம்ப நாளாகவே "காரை வித்துடலாம்ப்பா, செலவு கட்டுப்படியாகல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா "அதெல்லாம் ஆகும்" என்பார். இந்த இரண்டு வாக்கியத்தைத் தாண்டி பேச்சு போனதே இல்லை. நான்தான் அதிகப்பிரசங்கித்தனமாக "இருங்க, நான் கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்று இறங்கினேன். தாத்தா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் கணக்கு நோட்டை எடுத்து வந்து கொடுத்தார்.

ரிட்டயர் ஆன நாளிலிருந்து எழுதுகிற நோட்டு. வருஷத்துக்கு ஒன்று. ஆவின் பால் ஒரு லிட்டர் 40. பூ 20. கொத்தமல்லி 10. எல்லாம் இருக்கும். கரண்ட் மீட்டரை மாதத்துக்கு இரண்டு தடவை பார்த்து எழுதியிருப்பார், 500 யூனிட்டைத் தாண்டக் கூடாதே என்று. கார் செலவு மட்டும் சிவப்பு மையில் இருக்கும்.

ஒரு வருஷத்துக் கணக்கை எடுத்தேன். வண்டி ஓடியது 1,460 கிலோமீட்டர். அதாவது ஒரு நாளைக்கு சராசரியாக 4 கிலோமீட்டர்! ரயில்வே ஆஸ்பத்திரி, தென்னூர் உழவர் சந்தை, கிருத்திகைக்கு வயலூர், பேங்க், எப்போதாவது ஒரு கல்யாண மண்டபம், அவ்வளவுதான்.

பெட்ரோல் 11,300 ரூபாய். இது மாறும் செலவு.

இனி வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகிற செலவு:

இன்சூரன்ஸ் 2,900 (தேர்ட் பார்ட்டி மட்டும். 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2,094, அதோடு ஓட்டுகிறவருக்கான விபத்துக் காப்பீடும் ஜி.எஸ்.டி.யும்).
சர்வீஸ் 6,500.
பேட்டரி 4,400, நாலு வருஷம் வரும் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,100.
நாலு டயர் 14,400, ஆறு வருஷத்துக்குப் பிரித்தால் 2,400. (ஓடாவிட்டாலும் ரப்பர் வெடித்துப்போகும்.)
வண்டி துடைக்கிற பையனுக்கு மாதம் 400, வருஷத்துக்கு 4,800.
புகைச் சான்றிதழ் 200.
எஃப்.சி. காட்டி ஆர்.சி. புதுப்பிக்க மெக்கானிக் அண்ணன் சொன்ன தொகை, பெயிண்ட், டிங்கரிங், பசுமை வரி எல்லாம் சேர்த்து 19,000. (15 வருஷம் ஆன காருக்கு ஃபீஸ் மட்டுமே 5,000. 2022 ஏப்ரலுக்கு முன்னால் இது 600-தான்.) ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் 3,800.

கூட்டினால் 21,700. பெட்ரோலோடு சேர்த்து 33,000. கிலோமீட்டருக்கு 22 ரூபாய் 60 காசு.

தேய்மானம் போடவில்லையே என்று கேட்பவர்களுக்கு: வருமான வரிக் கணக்குப்படி வருஷா வருஷம் 15 சதவீதம் குறைத்துக்கொண்டே வந்தால், நாலு லட்ச ரூபாய் வண்டி இப்போது 35 ஆயிரம்தான். இனித் தேய என்ன இருக்கிறது?

இந்த 1,460 கிலோமீட்டரையும் ஆட்டோவில் போனால்? எங்கள் பக்கம் காத்திருப்பெல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 20-லிருந்து 25 கேட்கிறார்கள். 29,200 முதல் 36,500 வரை. கார் செலவு சரியாக நடுவில்! வித்துவிடு என்று நிரூபிக்கப் போனவனுக்கு ஏறக்குறைய டிரா. மேட்ச்சில் மழை வந்த மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் வேறு ஒரு எண் கண்ணில் பட்டது. 21,700-ஐ 365-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 60 ரூபாய். வண்டி வேப்ப மரத்தடியில் சும்மா நிற்பதற்கே ஒரு நாளைக்கு 60 ரூபாய். வீட்டுப் பால் செலவு 40. ஆக எங்கள் வீட்டில் எல்லாரையும் விட அதிகமாகச் சாப்பிடுகிற ஆள் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது.

அந்த 60 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். அப்போதுதான் சிவப்பு மையை விட்டுவிட்டு நீல மையைப் படிக்க ஆரம்பித்தேன். காப்பித்தூள் மாதம் 500 கிராம் வாங்கிக்கொண்டிருந்தவர் 350 வாங்கியிருக்கிறார். இரண்டு பேப்பர் ஒரு பேப்பராகியிருக்கிறது. வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிற ஊரில், ராத்திரிப் பழம் இரண்டிலிருந்து ஒன்று ஆகியிருக்கிறது. அப்பாயியிடம் கேட்டேன். "எனக்கு பழம் வேணாம், வயிறு மந்தமா இருக்குன்னாரு, நானும் நம்பிட்டேன்" என்றது.

அப்பாயி வேறு ரகம். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும், உழவர் சந்தை, கோயில், பெரியம்மா வீடு என்று தானே கிளம்பிவிடும். "உங்க தாத்தா பெட்ரோல் போட்டுப் போய் கத்திரிக்கா வாங்குவாரு, நான் ஓசியில போய் அதே கத்திரிக்காயை ரெண்டு ரூவா கம்மியா வாங்கிட்டு வருவேன்" என்று பெருமை பேசும். தாத்தாவுக்கு டிக்கெட் உண்டு. அதை விட, அந்தப் படியில் ஏற முட்டி ஒத்துழைக்காது. அதை அவர் சொல்லமாட்டார்.

நீல மையில் இன்னொரு வரி இருந்தது. 2024 டிசம்பரில்: "கண்ணாடி – அடுத்த மாதம்." அந்த மாதம் இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறார். ஜனவரியில் பொங்கல் செலவு, மறுபடியும் "கண்ணாடி – அடுத்த மாதம்." பிப்ரவரியில் பேட்டரி மாற்றியிருக்கிறார், கண்ணாடி அடுத்த மாதம். ஏப்ரலில் சர்வீஸ், கண்ணாடி அடுத்த மாதம். இப்படி ஜூலை வரைக்கும் எட்டு மாதம்.

வண்டியை ஓட்ட எது அவசியமோ, வண்டிக்காக அதையே தள்ளிப்போட்டிருக்கிறார். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. இந்த எட்டு மாதத்தில் நானும் அந்தக் காரில் போயிருக்கிறேன். அப்பாயி போயிருக்கிறது. தெருவில் சின்னப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

அன்று ராத்திரி அப்பா மறுபடி ஆரம்பித்தார். "கட்டுப்படியாகலப்பா." தாத்தா தயாராக இருந்தார். "இப்ப மாசம் 5,600 கூட வருது. இவன் கணக்குப்படி வண்டிக்கு மாசம் 2,750. இன்னும் என்ன கட்டுப்படியாகணும்?"

அப்பாவிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்குப் பயமா இருக்குப்பா. போன மாசம் கேட்டுல இடிச்சீங்க. அதுக்கு முன்னாடி சிக்னல்ல. ராத்திரி நீங்க வர்ற வரைக்கும் நான் வாசல்லயே நிக்கிறேன்."

தாத்தாவும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார். "நீ காலைல போனா ராத்திரி வர்ற. இவன் காலேஜ் போயிடறான். வண்டி இல்லன்னா ஆஸ்பத்திரி போகக்கூட யாரையாவது கேக்கணும். கேட்டா செய்வீங்க. ஆனா கேக்கணும்ல?"

இத்தனை வருஷம் இரண்டு பேரும் பணத்தைப் பற்றிப் பேசியது பணத்துக்காக இல்லை. அப்பாவால் "உங்களுக்கு வயசாயிடுச்சு" என்று சொல்ல முடியவில்லை, அதனால் செலவு என்றார். தாத்தாவால் "கை ஏந்தப் பயமா இருக்கு" என்று சொல்ல முடியவில்லை, அதனால் கட்டுப்படியாகும் என்றார். ரூபாயைப் பற்றிப் பேசுவது சுலபம். கூட்டலாம், கழிக்கலாம், தப்பு என்று நிரூபிக்கலாம். அந்த 5,600 வந்து பணத்தை நடுவிலிருந்து எடுத்த பிறகுதான் மிச்சம் இருந்தது வெளியே வந்தது.

லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும். படிவம் 1ஏ. அதில் ஒரு கேள்வி: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் காரின் நம்பர் பிளேட்டை இவரால் அடையாளம் காண முடிகிறதா? ஞாயிற்றுக்கிழமை காலை நான் டேப் வைத்து தெருவில் 25 மீட்டர் அளந்தேன். எதிர் வீட்டு மாமாவின் கார் நின்றது. "படிங்க தாத்தா."

நாலு எண்ணில் இரண்டு தப்பு. 8-ஐ 3 என்றார். இன்னொரு தடவை படித்தார், அதுவும் தப்பு. மூன்றாவது தடவை படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். கார் சாவியைக் கொண்டுவந்து அப்பாயி கையில் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் வலது கண்ணில் புரை என்றார்கள். அக்டோபரில் ஆபரேஷன் முடிந்தது. கண் நன்றாக ஆறிய பிறகு புதுக் கண்ணாடி, 3,000-மும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 3,150. செப்டம்பர் 22-லிருந்து கண்ணாடிக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதே நாளில் சின்னக் கார்களுக்கும் 28-லிருந்து 18 ஆனதால், சித்தப்பா போன் செய்து "புதுசா ஒண்ணு எடுத்துடலாமா?" என்றார். அப்பாயி போனை வாங்கி அவரைக் கவனித்துக்கொண்டது.

நவம்பர் கடைசியில் மறுபடி அதே தெரு, அதே 25 மீட்டர். இந்தத் தடவை நாலு எண்ணும் சரி. கீழே சின்னதாக எழுதியிருந்த டீலர் பெயரையும் சேர்த்துப் படித்தார், குசும்பு. டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். லைசென்ஸும் ஆர்.சி.யும் 2030 வரைக்கும் வந்துவிட்டன.

இப்போது சில ஒப்பந்தங்கள் இருக்கின்றன. பொழுது சாய்ந்தால் ஓட்டுவதில்லை. பைபாஸ் பக்கம் போவதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை, அது சிவப்பு மையில், கார் செலவோடு. அந்த யோசனை என்னுடையது. வண்டியின் நிலையான செலவில் ஓட்டுகிறவரின் கண்ணும் சேர்த்தி என்று எந்தப் பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

போன வாரம் காப்பித்தூள் எழுதுகிற சாக்கில் நோட்டைப் பார்த்தேன். பழம் மறுபடி இரண்டாகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் தாத்தா தானாகவே எழுதியிருந்தார்: "2030 – 80 வயது. பென்ஷன் 20% கூடும். வண்டியைக் கொடுத்துவிடலாம். ஆட்டோவுக்கு ஆகும்."

பி.கு.: உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவும் ஒரு பழைய வண்டியும் இருந்தால், செலவுக் கணக்கு போடுவதற்கு முன்னால் ஒரு டேப் எடுத்து 25 மீட்டர் அளந்து பாருங்கள். கண்ணாடி போட்டிருக்கிற அப்பாக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.