காட்டம் குறைந்த சுருட்டு

செல்வர் புகைக்கும் சுருட்டுக்குப் பெட்டியும் பொன்னிறப் பட்டையும் உண்டு. எளியவர் வாங்கும் சுருட்டுக்கோ நற்சான்று கூற எவருமில்லை. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தையே தடைசெய்துவிட்டது, அதுவும் நன்றே. ஆகவே, வாங்குபவன் தன் கண்ணையும் விரலையும் மூக்கையும் நாவையுமே நம்ப வேண்டியிருக்கிறது.

கல்முனைப் பகுதி முஸ்லிம்களிடையே, மணமான ஆண்மகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்வது வழக்கம். ஆதலால் மாமனாரின் விருப்பு வெறுப்புகளை மருமகன் நன்கறிவான். என் மாமா இளமையில் வட்டைக் காவலிருந்த இரவுகளில் சுருட்டைத் துணையாக்கிக் கொண்டவர். எழுபது வயதைக் கடந்தபின் இருமல் வந்தது. “மருமகன், சுருட்டை விடச் சொல்லாதீங்க; காட்டம் குறைஞ்சதாப் பார்த்து வாங்கித் தாங்க” என்றார்.

போர்த்துக்கேயர் காலத்தில் இலங்கைக்கு வந்த புகையிலை, ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்திலிருந்து திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. மாமா புகைப்பதும் அந்த யாழ்ப்பாணச் சுருட்டுத்தான். அதே விலையில், மென்மையானதென்று கடைக்காரர் எடுத்துத் தந்த வேறொரு கட்டை வாங்கி வந்தேன். இராச் சாப்பாட்டின்பின் எப்போதாவது ஒன்று புகைப்பவனாதலால், சோதனையும் என் பொறுப்பாயிற்று.

விரலால் அழுத்தினேன், எங்கும் ஒரே திண்மை. மேலிலையில் தடித்த நரம்பில்லை. பற்றவைத்ததும் ஒருபக்கமாக ஓடாமல் வட்டமாக எரிந்தது. சாம்பல் உதிராது ஒரு விரற்கடை நின்றது. சாம்பலும் சாட்சி சொல்லுமன்றோ? 1887இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதற்கதையில், கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டென்று சாம்பலைக் கொண்டே அத்துப்பறிவாளர் கூறிவிடுகிறார். நாவில் எரிவில்லை, தொண்டை கமறவில்லை, கடைசி விரற்கடையில் மட்டும் சற்றுக் கசந்தது. விலையை நோக்க, மிக நல்ல சுருட்டு என்றே நா தீர்ப்பளித்தது.

ஆனால், நாவின் தீர்ப்பு முழுத் தீர்ப்பன்று. பழைய சுருட்டை மாமா அஸர் தொழுகையின்பின் பற்றவைத்து, நாலு இழுப்பில் அணைத்து வைத்து, மீண்டும் இஷாவின் பின்னரே எடுப்பார். நாளுக்கு ஒன்று போதும். அதன் காட்டமே அவருக்குக் கடிவாளமாக இருந்தது. மென்சுருட்டு வந்த வாரத்திலோ நாளுக்கு மூன்று தீர்ந்தன, செலவும் மும்மடங்காயிற்று. முன்பு வாயளவில் நின்ற புகையை இப்போது நெஞ்சுக்குள்ளும் இழுக்கலானார். சுருட்டுப் புகையிலுள்ள நிக்கொட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடலிற் சேரவல்லது. அப்படியிருக்க, உள்ளேயும் இழுத்தால் கேட்க வேண்டுமோ! இருமல் மிகுந்தது; மாமியும் இரவில் உறக்கமின்றி விழித்திருந்தார்.

வாரக் கடைசியில் மாமாவிடம் அறிவுரை எதுவும் கூறவில்லை. கணக்கை மட்டும் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்து, “கடிக்கிற நாய்க்கிட்ட நாம கவனமா இருப்பம், வாலாட்டுற நாய்க்கிட்டத்தான் ஏமாந்து போறம்” என்றார். எஞ்சிய கட்டை அவர் தொடவில்லை. பழைய சுருட்டையும் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாளே கேட்கிறார்.

மலிவான மென்சுருட்டை மதிப்பிட விரும்பும் அன்பர்கள் சாம்பலைப் பார்க்கட்டும், நாவைக் கேட்கட்டும், அதன்பின் ஒரு வாரம் எண்ணியும் பார்க்கட்டும்.