மேட்டில் திணறிய கான்டெஸா

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவில் பக்கம் திரும்பினால் பாதை மெல்ல மேடேறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மேட்டில் பெரியவரின் கான்டெஸா நின்றுபோனது. முதல் கியரில் எடுத்தார், உதறி அணைந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி அணைந்தது. பின்னால் வந்த வேன் விடாமல் ஹாரன் அடித்தது.

போன் போட்டதும் குயிலாப்பாளையத்திலிருந்து மகன் வந்தான். ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்து, கிளட்ச்சைப் பாதியில் பிடித்து, வண்டியை வீடு சேர்த்தான்.

“வண்டி நல்லாத்தான் இருக்குப்பா. உங்களுக்கு 73 ஆச்சு. கிளட்ச் விடுற கால் பழைய மாதிரி இல்ல. போதும்.”

சாவி மகனிடமே தங்கியது. மரக்காணத்திலிருந்து வாராவாரம் பேத்தியைப் பார்க்க வந்தவர், பஸ் மாறி மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தார். கான்டெஸா முந்திரி மரத்தடியில் தூசி குடித்தது.

இந்தியாவின் ‘மஸில் கார்’ என்று ரசிகர்கள் கொண்டாடும் வண்டி அது. பிரிட்டனின் வாக்ஸால் காரை அடிப்படையாக வைத்து, 1984 முதல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. முதலில் அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின். அந்தப் பெரிய உடம்புக்கு அது போதவில்லை. பிறகு ஜப்பானின் இசுசூ 1.8 லிட்டர் இன்ஜின் வந்தது. பெரியவருடையது இந்த இரண்டாவது ரகம்.

காயலான் கடைக்குப் போடுமுன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினான் மகன். “ஓடுறப்ப நல்லா ஓடுது. ஆரம்பத்துல புல்லிங் இல்ல. ரிங் போயிருக்குமாண்ணே?”

“பார்க்காம இன்ஜினை இறக்கக் கூடாது தம்பி. காசு செலவில்லாததுல இருந்து ஆரம்பிப்போம்.”

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, டாப் கியரில் கிளட்ச்சை மெதுவாக விட்டார். இன்ஜின் உடனே அணைந்தது. கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். ஆக, கிளட்ச் சரி. அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன் பார்த்தார். நான்கு சிலிண்டரும் நல்ல அளவில், கிட்டத்தட்ட ஒரே மாதிரி காட்டின. ஒன்றுக்கொன்று 10 சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் ரிங், வால்வு என்று பயப்பட வேண்டும்.

டைமிங் லைட்டைப் பிடித்தபோது முதல் குற்றவாளி தெரிந்தது. எப்போதோ, எங்கோ டைமிங்கைத் தாமதமாக வைத்துவிட்டிருந்தார்கள். தீப்பொறி வர வேண்டிய நேரத்துக்குப் பிந்தி வந்தது.

பிறகு, ஐடிலில் ஓடும் இன்ஜினின் மேனிஃபோல்டைச் சுற்றி கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். ஒரு ரப்பர் குழாய்க்குக் கீழே அடித்ததும் இன்ஜின் சத்தம் சட்டென்று ஏறியது. குழாயின் அடிப்பக்கம் நீளமாக வெடித்திருந்தது.

“இங்கதான் ஏர் புடிக்குது. ஸ்லோவுல இன்ஜின் காத்தை பலமா உறிஞ்சும். அப்ப இந்த வெடிப்பு வழியா கூடுதல் காத்து போயிடும்; பெட்ரோல் பத்தாது. ஸ்பீடு ஏறிட்டா கார்புரேட்டரே நிறைய காத்து விடும், இந்த ஓட்டை பெருசா தெரியாது. அதான் ரோட்டுல பறக்குது, மேட்டுல படுக்குது.”

புதுக் குழாய் மாட்டி, டைமிங்கைச் சரிசெய்தார். ஒரு மணி நேர வேலை.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அண்ணே, கிளட்ச் விடத் தெரியாம அணைஞ்சுபோயிருக்குமோ?”

“இந்த நிலைமையில நானா இருந்தாலும் அந்த மேட்டுல அணைஞ்சுதான் போயிருக்கும் தம்பி. நீங்க ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு ஏத்துனீங்க. அவர் வண்டிக்கு வலிக்காம ஓட்டிப் பழகினவர்.”

மறுநாள் காலை உப்பளங்களைத் தாண்டி மரக்காணத்துக்குக் கான்டெஸாவை ஓட்டிப்போனான் மகன். வாசலில் நிறுத்தி, சாவியை நீட்டினான்.

“வண்டியிலதான்பா கோளாறு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

பெரியவர் எதுவும் சொல்லவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். அந்த மேடு வந்ததும் மகன் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் கியர், பிறகு இரண்டாவது. எந்த உதறலும் இல்லை.

“பாப்பா ஸ்கூல் விட எவ்வளவு நேரம்டா இருக்கு?” என்றார் பெரியவர்.