களைக்கும் சேரும் உரம்

பெரியம்மாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். முதல் கீமோ முடிந்து பத்து நாளில் வாயெல்லாம் புண், கூடவே வயிற்றுப்போக்கு. ரசம் சாதமே எரியுதுடா என்று தட்டைத் தள்ளிவிட்டார். பி.காம் படிக்கிற எனக்கு மருத்துவம் எங்கே தெரியும்? ஆனாலும் சும்மா இருக்க முடியாமல் நெட்டில் தேட உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்று மட்டுமா வேகமாகப் பெருகுகிறது? நம் சிறுகுடலின் உள்தோல் 3 முதல் 5 நாளில் தன்னையே புதுப்பித்துக்கொள்கிறது. வாயின் உள்தோலும் அடிக்கடி உதிர்ந்து வளர்வதுதான். பழையது உதிர்ந்தபின் புதியது வராவிட்டால்? புண்தான்.

அந்தத் தோலை வளரச் சொல்லும் புரதங்களை நம் உடம்பே சுரக்கிறது. வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1989-இல் கண்டறிந்த இன்னொன்றை வைத்துச் செய்த மருந்துதான் பாலிஃபெர்மின். அமெரிக்காவில் 2004-இல் அனுமதி. ரத்தப் புற்றுநோய்க்கு மிகக் கடுமையான சிகிச்சை எடுத்த 212 பேரிடம் சோதித்தார்கள். மருந்து பெறாதவர்களில் 98 சதவீதம் பேருக்குக் கடுமையான வாய்ப்புண். பெற்றவர்களில் 63 சதவீதம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை! பிரிண்ட் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

பொறுமையாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பெரியம்மாவோட கட்டி எதிலிருந்து வந்தது?"

"குடலோட உள்தோல்ல..."

சொல்லும்போதே புரிந்துவிட்டது. வயலுக்குப் போடும் உரம் பயிர் எது, களை எது என்று பார்க்காது. அந்தப் பயத்தால்தான் மருந்தின் அனுமதியும் ரத்தப் புற்றுநோய்களோடு நின்றது. ஐரோப்பாவில் அதுவும் நிலைக்கவில்லை. 2016-இல் நிறுவனமே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. காரணம் வணிகமாம். லாபநட்டக் கணக்கு போடப் படிக்கிறவனுக்கு அந்த வரி சுருக்கென்று தைத்தது.

டாக்டர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஊசி வேகமாக ஏறும்போது ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார். ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஆரம்பித்து அரைமணி நேரம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், மருந்து வாய்க்குக் குறைவாகப் போகும். குடலுக்கு ஐஸ் வைக்க முடியாதே! அதற்கு மாத்திரையும் உப்பு சர்க்கரைக் கரைசலும்தான்.

அடுத்த கீமோவுக்கு பிளாஸ்க் நிறைய ஐஸோடு போனேன். பத்து நாள் கழித்து பெரியம்மா ரசம் சாதம் கேட்டார். கொஞ்சம்தான் சாப்பிட்டார். தட்டைத் தள்ளவில்லை.